புளோரன்ஸில் நான் இல்லாத மூன்று நாட்கள்

மகளுக்கு மிலானில் ஒரு வருட வேலை கிடைத்தபோது எங்கள் வீட்டில் யாரும் இத்தாலியைப் பற்றிப் பேசவில்லை. குளிர் தாங்குவாளா, சாப்பாட்டுக்கு என்ன செய்வாள், வருஷம் முடிந்ததும் ஒழுங்காகத் திரும்பி வருவாளா என்பதுதான் பேச்சு. போய் நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கூப்பிட்டவள், அப்பாவும் அம்மாவும் வந்து பத்து நாள் இருங்கள், நடுவில் மூன்று நாள் எங்கேயாவது சுற்றிவிட்டு வரலாம், எந்த ஊர் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் “புளோரன்ஸ்” என்று சொல்லிவிட்டேன்.

போனுக்கு அந்தப் பக்கம் மகளும் இந்தப் பக்கம் அவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் நான் ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை. லீவு கிடைத்தால் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பல், அங்கிருந்து ராமநாதபுரத்தில் அவருடைய ஊர். முப்பது வருடமாக எங்கள் பயணம் என்றால் அதுதான்.

நான் போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வருஷா வருஷம் மறுமலர்ச்சிப் பாடம் வரும். பாடப் புத்தகத்தில் புளோரன்ஸ் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் படம் தீப்பெட்டி அளவுக்கு இருக்கும், அதுவும் மை ஊறிப்போய். அதனால் நானே கரும்பலகையில் குவிமாடத்தை வரைவேன். எட்டுப் பட்டை, மேலே விளக்குக்கூண்டு, கீழே வீடுகள். ஒரு வருஷம் ஒரு பையன், “மிஸ், நீங்க அதை தேக்கா க்யா?” என்று கேட்டான். எங்கள் பிள்ளைகளின் தமிழ் அப்படித்தான், பாதி ஹிந்தி. பார்த்ததில்லை என்றேன். “ஃபிர் கைசே மாலூம்?” என்றான். பார்க்காமல் எப்படித் தெரியும் என்கிறான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு ஷாதிபூர் வீட்டுக்கு வந்துவிட்டது.

மகள் சரி என்றாள். அதோடு, அம்மா, இங்கே யாரும் புளோரன்ஸ் என்று சொல்வதில்லை, ஃபிரென்ஸே என்றுதான் சொல்வார்கள் என்றாள். அந்த ஊர்க்காரர்கள் சொல்லாத பேரைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர்கள் ஃபிரென்ஸேவுக்குப் போகட்டும், நான் போகப்போவது புளோரன்ஸுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே அபர்தீன் பஜாரில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். மூன்று நாளை மணிக்கணக்காகப் பிரித்தேன். திங்கட்கிழமை ஓவியக்கூடம் மூடியிருக்கும் என்று படித்ததால் செவ்வாய் காலை மிலானில் ரயில் ஏறி வியாழன் மாலை திரும்புவதாகப் போட்டேன். முதல் நாள் தேவாலயமும் எதிரே இருக்கும் வெண்கலக் கதவுகளும். இரண்டாம் நாள் காலை ஓவியக்கூடம், கூட்டம் வருவதற்கு முன்னால். மாலையில் பழைய பாலம், அதன் மேலேயே கடைகள் கட்டியிருக்கிறார்கள், நின்று ஆற்றைப் பார்க்கலாம். மூன்றாம் நாள் காலை எட்டேகாலுக்குக் குவிமாடத்தின் மேல் ஏறுவது. படிகள் நானூற்றுச் சொச்சம். அவருக்கு வலது முழங்கால் ஒத்துழைக்காது. அதனால் அவர் உட்காருவதற்குப் பக்கத்திலேயே ஒரு காப்பிக் கடையை மேப்பில் தேடிக் குறித்து வைத்தேன். தங்கும் அறை ஸ்டேஷனுக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும், லிஃப்ட் இருக்க வேண்டும், சுடுதண்ணீர் வைக்கக் கெட்டில் இருக்க வேண்டும். நான் எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். மகள் அங்கே ஒவ்வொன்றாகப் புக் செய்வாள்.

அந்த மாதங்களில் என் கணவரும் மாறிப்போனார், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அவர் கட்டட இன்ஜினியராக அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தத் தீவில் எத்தனையோ ஆபீஸுக்கும் குவார்ட்டர்ஸுக்கும் கூரை போட்டவர். சென்டரிங் அடிக்காமல், அடியில் முட்டுக் கொடுக்காமல் அந்தக் குவிமாடத்தை எழுப்பினார்கள் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. யாரோ கதை விட்டிருக்கிறான் என்றார். நான் தேங்காய் மூடி இரண்டை ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் காட்டினேன், உள்ளே ஒரு ஓடு, வெளியே ஒரு ஓடு. செங்கல்லை நேராக அடுக்காமல், தென்னங்கீற்று முடைவது போல ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்படி சாய்த்துச் சாய்த்து வைத்துக்கொண்டே போனார்கள், அதனால் ஈரக் கலவையிலும் கல் நழுவவில்லை என்றேன். அவர் தேங்காய் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நான் சொல்லி அவர் வாய் மூடிக் கேட்டது அந்தச் சாயங்காலம்தான் முதல் தடவை. அதற்குப் பிறகு பல சாயங்காலம் அப்படிப் போயின. டீ குடித்துக்கொண்டே, இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்பார். அந்த சந்தோஷத்தில்தான் நான் ஏமாந்தேன்.

அவரிடம் பாஸ்போர்ட் இருந்தது, ஆபீஸ் நண்பர்களோடு முன்பு ஒரு தடவை சிங்கப்பூர் போயிருக்கிறார். என்னிடம் இல்லை. ஆன்லைனில் எனக்கும் அவரே விண்ணப்பம் நிரப்பினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறந்த ஊர் என்ற கட்டம் வந்ததும் அவர் கை நின்றது. பிறகு கச்சால் என்று அடித்தார்.

நான் கச்சாலில் பிறக்கவில்லை. நுவரெலியா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தேன். எனக்கு நாலு வயது இருக்கும்போது எங்களைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், பிறகு சென்னையில் கப்பல் ஏறிப் போர்ட் பிளேர், அங்கிருந்து இன்னொரு கப்பலில் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவு. அங்கே ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கொடுத்தார்கள். அதுதான் என் வரலாறு. என் கணவருக்கு அது தெரிந்தே கல்யாணம் நடந்தது. ஆனால் அவர் குடும்பத்துக்கு அது ஒரு குறை. அவருடைய அக்கா கல்யாணத்தன்றே என் காதில் விழும்படி “சிலோன்காரி” என்றார். நான் அரசு வேலையில் சேர்ந்த பிறகு அந்தச் சொல் வெளியே வருவது நின்றது. ஊரில் யாராவது கேட்டால், நிக்கோபாரில் பிறந்தவள் என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

“நான் பிறந்தது இலங்கையில” என்றேன்.

“அதை எழுதினா ஆயிரம் கேள்வி கேப்பான். அப்பன் எப்ப வந்தான், எந்தக் காகிதத்துல வந்தான்னு. உங்க காகிதமெல்லாம் சுனாமியில போச்சு. கச்சால்னு போட்டா பத்து நாள்ல கையில வந்துரும்.”

காகிதம் போய்விட்டதென்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள், சொந்தப் பிறந்த ஊரைப் பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தப்பில் என் பங்கு அது. அதை யார் மேலும் நான் போட முடியாது.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஹிந்தியில்தான் பேசினார். அரசு ஊழியர் என்பதால் என் சர்வீஸ் புக் நகலைக் கேட்டார். பக்கங்களைப் புரட்டியவர் ஒரு இடத்தில் விரலை வைத்து, மேடம், இதில் பிறந்த இடம் ஸ்ரீலங்கா என்று இருக்கிறது, விண்ணப்பத்தில் கச்சால் என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். “ஸ்ரீலங்கா” என்றேன். போலீஸ்காரர் அதை எழுதிக்கொண்டு, டீயைக் குடித்து முடித்துப் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் பாஸ்போர்ட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. தவறான தகவல் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் என் கையாலேயே எழுதினேன். கவனக்குறைவால் நேர்ந்தது, தவறு என்னுடையது என்று எழுதினேன். பக்கத்தில் நின்று வாசித்த என் கணவர், இப்படி எழுதினால் போதும் என்றார். தவறு என்னுடையது என்ற வரியை வாசிக்கும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அதற்குப் பிறகு கோப்பு நகரவில்லை. அப்பா இந்தியக் குடிமகனாக வந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். விசா விண்ணப்பத்துக்கு விரல் ரேகை கொடுக்க இரண்டு பேரும் சென்னைக்குப் போகத் தேதி வாங்கியிருந்தோம். பாஸ்போர்ட் இல்லாமல் நான் எங்கே போவது? அவர் மட்டும் விமானம் ஏறினார். நீ பாஸ்போர்ட் ஆபீஸில் போய்க் கேட்டுக்கொண்டே இரு, அது வந்தவுடன் உனக்கு வேறு தேதி வாங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் லீவு போட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக நின்றேன். சனிக்கிழமை பஸ் ஏறி சிப்பிகாட்டுக்குப் போனேன்.

சிப்பிகாட்டில் என் அண்ணன் இருக்கிறார். சுனாமிக்குப் பிறகு கச்சாலை விட்டு வந்து, ஒருவருடைய பாக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். ஷாதிபூரிலிருந்து அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரத் தூரத்துக்கு நான் வருஷத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிடச் சொல்வோம், தங்கச் சொல்ல மாட்டோம்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். தண்ணீர் வந்த அன்று அப்பா மேட்டுக்கு ஓடும்போது தலையில் வைத்துக்கொண்டு ஓடிய டின் அது. பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார். அப்பாவின் இந்திய பாஸ்போர்ட், கண்டியில் கொடுத்தது. மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை. அதில் குடும்பப் படம், அம்மா மடியில் நான், மொட்டைத் தலையோடு. பக்கத்தில் என் பெயர், வயது நாலு, பிறந்த இடம் நுவரெலியா. எழுத்து கலையவே இல்லை.

“இதெல்லாம் தண்ணில போச்சுன்னு யாரு சொன்னா?” என்று கேட்டார்.

நான் அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை. எந்த ஊருக்குப் போகிறாய் என்றார். இத்தாலி என்றேன். நல்லா போயிட்டு வா புள்ள என்று ஒரு தார் வாழைக்காயைக் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் அந்தத் தாரை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளி அம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்தக் காகிதங்களைப் பாஸ்போர்ட் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “அம்மா, இத்தனை பக்காவான காகிதம் வெச்சிருக்கீங்க. முதல்லயே இலங்கைன்னு எழுதியிருந்தா இந்நேரம் உங்க கையில இருந்திருக்கும்” என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். இனி மறுபடி விசாரணை, மறுபடி அறிக்கை, ஆறு வாரமாவது ஆகும் என்றார். பயணத்துக்கு இருந்தது மூன்று வாரம்.

வீட்டுக்கு வந்து, அதிகாரி சொன்னதை அப்படியே, சென்னையிலிருந்து திரும்பியிருந்த கணவரிடம் சொன்னேன். அவர், நடந்தது நடந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று பார்ப்போம் என்றார்.

அன்று மாலை மகளோடு பேசினோம். அவளுக்கு அழுகை வந்தது. அவளுடைய ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது, அதற்குப் பிறகு பெங்களூருக்கே வந்துவிடுவாள், இன்னொரு தடவை லீவு கேட்க முடியாது என்றாள். அறை எடுத்தாயிற்று, டிக்கெட் எல்லாம் வாங்கியாயிற்று, தேதி மாற்ற முடியாது என்றாள். அவள் சொன்னது எல்லாம் உண்மை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அம்மா இல்லாமல் எப்படி என்று அவளாவது. நான் மட்டும் எப்படிப் போவது என்று அவராவது. மேலே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. கடைசியில் நானே சொன்னேன், “நீங்க போயிட்டு வாங்க.”

“அப்படியா சொல்றே?” என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வாரம் இன்னொன்று முடிவானது. அவருடைய அக்கா அந்தச் சமயம் ஜெர்மனியில் மகன் வீட்டில் இருந்தார். அங்கிருந்து இத்தாலிக்கு வர விசா எதுவும் தனியாகத் தேவையில்லை. மூன்று பேருக்கு வாங்கிய டிக்கெட் வீணாகப் போக வேண்டாமே, அக்காவும் பாவம், மகன் வீட்டில் அடைந்து கிடக்கிறார், வந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் சொன்னார். மகள் என்னிடம் தனியாகக் கேட்டாள், அம்மா உனக்கு ஒன்றும் இல்லையே என்று. என்ன சொல்ல? அத்தை வரட்டும் என்றேன். வேண்டாம் என்றால், நான் போகாவிட்டால் யாரும் போகக்கூடாது என்று நினைக்கிறவள் என்று ஆகியிருக்கும். ராமநாதபுரம் வரைக்கும் அந்தப் பேர் போயிருக்கும்.

அவர் பெட்டியை நான்தான் அடுக்கினேன். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், முழங்காலுக்குப் போடும் உறை, மகளுக்கு முறுக்கு. ஸ்வெட்டருக்கு மேலே அந்த நீள நோட்டை வைத்தேன். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. பரீட்சை டியூட்டி இருக்கிறது என்றேன், உண்மையாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது வீடியோ கால் வந்தது. அங்கே காலை, இங்கே மத்தியானம். மகள் போனைச் சுற்றிக் காட்டினாள். முதலில் கல் பாவிய தரை, பிறகு கால்கள், பிறகு வெள்ளையும் பச்சையுமாகப் பளிங்குச் சுவர். பாடப் புத்தகத்தில் அது கறுப்பு வெள்ளை. பச்சை இருக்கும் என்று படித்திருந்தேன், இவ்வளவு பச்சை என்று தெரியாது. அப்புறம் அவள் போனை உயர்த்தினாள். சிவப்பு ஓடு போர்த்திய அந்தக் குவிமாடம் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. என்னோடு வேலை செய்யும் டீச்சர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், உங்கள் வீட்டுக்காரர் போயிருக்கிறாரா, நீங்கள் போகவில்லையா என்றார். நான் தலையாட்டினேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. அவர் அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு ஓடு, வெளியே ஒரு ஓடு, ரெண்டு தேங்காய் மூடி மாதிரி. சென்டரிங்கே கிடையாது. செங்கல்லைத் தென்னங்கீத்து முடையற மாதிரி சாய்ச்சுச் சாய்ச்சு வெச்சிருக்கான், ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும். “உனக்கு எம்புட்டு விஷயம் தெரிஞ்சிருக்குடா தம்பி” என்றார் அக்கா. “இன்ஜினியர்ல” என்றார் அவர்.

யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை, அவளுக்கு அது தெரியாமல்கூட இருக்கலாம். பிறகு போன் அக்கா கைக்குப் போனது. கழுத்தில் ஒரு சிவப்பு ஸ்கார்ஃபைக் கட்டியிருந்தார். எனக்காக வாங்கி வைத்திருப்பதாக முந்தின மாதம் மகள் காட்டிய ஸ்கார்ஃப். “நீ வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார். “ஆனா ஒரே நடை. நீ கஷ்டப்பட்டிருப்பே.” எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது. தினமும் ஷாதிபூர் மேட்டை ஏறி இறங்குகிறவள் நான். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை எட்டேகால் என்றால் எங்களுக்கு மத்தியானம். அன்று ஏழாவது பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. மேலே ஏறியதும் மகள் கூப்பிடுவாள் என்று போனை மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, யாரும் ஏறவில்லை. அத்தைக்குக் கால் வலி, அப்பா முழங்காலுக்கு முடியாது என்றார், அவர்களைக் கீழே விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி ஏறுவது என்றாள் மகள். அந்த நேரத்தில் தோல் சாமான் விற்கும் சந்தைக்குப் போனார்களாம். அத்தை இரண்டு கைப்பை எடுத்தாராம். வீணாகப் போகக்கூடாது என்ற அந்த மூன்று டிக்கெட்டும் வீணாகிவிட்டன. நோட்டில் பார்த்தீர்களா, அப்பா உட்காரக் காப்பிக் கடை எழுதியிருந்தேனே என்று கேட்டேன். நோட்டா, அது மிலான் வீட்டிலேயே பெட்டியில் இருக்கிறதும்மா, எல்லாம் போனிலேயே பார்த்துக்கொண்டோம் என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அவர் திரும்பி வந்து பதினேழாம் நாள் தபாலில் என் பாஸ்போர்ட் வந்தது. பிறந்த இடம் நுவரெலியா, ஸ்ரீலங்கா. அச்சில் அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்றைக்கே அதை ஒரு நகல் எடுத்து சிப்பிகாட்டில் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், டின்னில் வைத்துக்கொள்ளச் சொல்லி. இப்போது மாதம் ஒரு தடவை அங்கே போகிறேன். எங்கே போகிறாய் என்று என் கணவர் கேட்டால், அண்ணன் வீட்டுக்கு என்கிறேன். போன தீபாவளிக்கு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். யாரிடமும் நான் அனுமதி கேட்கவில்லை.

மகள் பெங்களூருக்கு வந்துவிட்டாள். பாலி போகலாம்மா, துபாய் போகலாம்மா என்கிறாள். பார்க்கலாம் என்கிறேன். என் கணவர் மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் இத்தாலிப் படங்களைக் காட்டுகிறார். அவர் அக்கா போனில் பேசும்போதெல்லாம் அந்தப் பயணத்தைப் பற்றி எதையாவது எடுக்கிறார். நான் உள்ளே எழுந்து போய்விடுகிறேன்.

ஒரே ஒரு தடவைதான் நானும் அவரும் இதைப் பற்றிப் பேசினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மீன்காரர் வந்து போன பிறகு. நான் சூரை மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நாளாக நீ முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். இருக்கிறது, எனக்குத் தெரியும், அந்தப் பயணம்தானே என்றார். நான் குழாயை நிறுத்தினேன்.

“நீ ஒரு வார்த்தை, போகாதீங்கன்னு சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிஜமாகவே போயிருக்க மாட்டார். முணுமுணுத்துக்கொண்டாவது இங்கேயே இருந்திருப்பார், ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டியிருப்பார். போனதும் என் வார்த்தையால்தான், போகாமல் இருந்திருந்தாலும் என் வார்த்தையால்தான். அவருடையது என்று அதில் எதுவுமே இல்லை. கச்சால் என்று அடித்த விரல்கூட அவருடையது இல்லை, நான் கையெழுத்துப் போட்டேனே.

“பிறந்த ஊரை மாத்தி எழுதினது யாரு?” என்று கேட்டேன்.

“உன் நல்லதுக்குத்தான் எழுதினேன்.”

“என் நல்லதுக்கு இல்ல. உங்க அக்கா வாய்க்குப் பயந்து எழுதினீங்க.”

அவருக்கு முகம் சிவந்தது. முப்பது வருஷத்தில் நான் அவருடைய அக்காவைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை அது. அவர் முன்னறைக்குப் போய் டிவியைப் போட்டார். சத்தம் அதிகமாக இருந்தது. நான் மீனுக்கு மஞ்சளும் உப்பும் தடவி வைத்தேன். மன்னிப்புக் கேட்பார் என்று அன்றைக்கு முழுவதும் காத்திருந்தேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. மறுநாளும் காத்திருந்தேன். மூன்றாம் நாள், மின்சார பில் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். அதிலிருந்து இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.